ஊசியில் நூல் கோக்கும் காட்சி

எடிட்டர்: நாலு நிமிஷம்! ஒரு ஊசியில நூல் கோக்குறதுக்கு நாலு நிமிஷமா?

இயக்குநர்: அவங்களுக்குக் கிட்டப் பார்வை சரியில்ல. அதான் நேரமாச்சு...

எடிட்டர்: பார்வை அவங்களுக்குச் சரியில்லையா, உனக்கா? கேமரா அந்தம்மா கழுத்தை விட்டு நகரவே மாட்டேங்குது.

இயக்குநர்: கழுத்துல அளவெடுக்குற டேப் தொங்குது. தையல்காரின்னா அதைக் காட்ட வேண்டாமா?

எடிட்டர்: ஆமாமா. டேப்பைத்தான் பார்த்த.

இயக்குநர்: ஏய்... டெய்லர் அக்காவைப் போய்...

எடிட்டர்: அக்காவாம் அக்கா! கூடப் பொறந்தவ மாதிரி.

இயக்குநர்: நாளைக்குப் படத்தை அனுப்பியாகணும்டி. பொண்ணும் பொண்ணுமா சேர்ந்து வாழ்ந்த மூணு ஜோடியோட கதை. அதுல அவங்க கதைதான் உயிர்.

எடிட்டர்: மத்த ரெண்டு ஜோடிக்கும் தலா பதினஞ்சு நிமிஷம். ஜோடி பிரிஞ்சு தனியா இருக்குற இவங்களுக்கு மட்டும் முப்பத்தஞ்சு. நான் எதை வெட்டினாலும் மறுநாள் நீ திரும்ப ஒட்டி வச்சிடுற.

இயக்குநர்: நீ வெட்டுறது கதைக்காகவா, வயித்தெரிச்சல்லயா?

எடிட்டர்: ரெண்டும்தான். போதுமா?

இயக்குநர்: அப்பாடா... ஒத்துக்கிட்டியே.

எடிட்டர்: உன் முகம் படத்துல எங்கயும் வரல. ஆனா சிரிப்பு மட்டும் மைக்ல விழுந்திருக்கு. அப்படி விழுந்து விழுந்து சிரிக்கிற. ஆறு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம்... அந்தச் சிரிப்பை நான் கடைசியா எப்பக் கேட்டேன், சொல்லு?

இயக்குநர்: வீட்லயும் நீ ஹெட்போனை மாட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்க. நான் சிரிச்சா எங்க கேக்கும்?

எடிட்டர்: இப்ப அந்த ஹெட்போன்லதான் கேக்குது.

இயக்குநர்: அவங்க பேச்சே அப்படி... கலகலன்னு. கடைக்குத் துணி குடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம், "பன்னெண்டு வருஷம் நானும் என் சம்சாரமும் இங்கதான் தச்சோம்"னு சொல்வாங்க. எதிர்ல நிக்கிறவங்க பேந்தப் பேந்த முழிப்பாங்க. அந்தத் தைரியம்தான் எனக்குப் பிடிச்சுது.

எடிட்டர்: நம்ம ஹவுஸ் ஓனர்கிட்ட நான் உன் சித்தி பொண்ணு!

இயக்குநர்: அதைச் சொன்னது நீ! நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

எடிட்டர்: சரி, அதை விடு. கடைசி நாள் பேட்டி. சட்டைக்குப் பட்டன் தச்சுக்கிட்டே உன்னைக் கேக்குறாங்க... "உனக்குன்னு யாராவது இருக்காங்களா?"ன்னு. அதோட சத்தம் நின்னுபோச்சு. ஏன்?

இயக்குநர்: மைக்ல பேட்டரி தீர்ந்துடுச்சு.

எடிட்டர்: பேட்டரி...

இயக்குநர்: ஆமா. ஏன் அப்படிப் பார்க்குற?

எடிட்டர்: அவங்க சட்டையில குத்தின மைக்கைத்தான் நீ அணைச்ச. கேமராவுலயே ஒரு மைக் இருக்கு. அது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

இயக்குநர்: அதுல... என்ன கேட்டுச்சு?

எடிட்டர்: "யாரும் இல்ல"ன்னு சொன்ன. ரொம்பத் தெளிவாக் கேக்குது.

இயக்குநர்: எப்பலேருந்து உனக்குத் தெரியும்?

எடிட்டர்: மூணு வாரமா. தினமும் காலையில அதை ஒரு தடவை கேட்டுட்டுதான் வேலையை ஆரம்பிக்கிறேன்.

இயக்குநர்: பைத்தியமாடி நீ? என்கிட்ட கேட்டிருக்கலாம்ல!

எடிட்டர்: இப்பக் கேட்டேனே. பேட்டரின்ன.

இயக்குநர்: ஒண்ணும் நடக்கலடி. சத்தியமா. அவங்க அப்படிப் பார்த்தாங்க... எனக்கு யாரும் இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. வாயில வந்துடுச்சு. பயந்துபோய் மறுநாளே மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்.

எடிட்டர்: உனக்கு ஒரு நிமிஷம்... எனக்கு அது மூணு வாரம்.

இயக்குநர்: போனைக் குடு. இப்பவே அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடுறேன். "எனக்கு ஒருத்தி இருக்கா, இந்தப் படத்தை எடிட் பண்றவளே அவதான்"னு.

எடிட்டர்: வேணாம்.

இயக்குநர்: ஏன்? இதுக்குத்தானே இத்தனை ஆர்ப்பாட்டம்?

எடிட்டர்: போன வாரம் நானே கூப்பிட்டேன்.

இயக்குநர்: அவங்களையா? எதுக்கு?

எடிட்டர்: சப்டைட்டில்ல ஒரு சந்தேகம்னு ஆரம்பிச்சேன். உண்மையில சண்டை போடத்தான் கூப்பிட்டேன். "அவளுக்கு யாரும் இல்லைன்னு நினைக்காதீங்க, நான் இருக்கேன்"னு சொல்றதுக்கு. குளிக்கும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்துட்டுதான் போன் போட்டேன்.

இயக்குநர்: அய்யோ... சொல்லிட்டியா?

எடிட்டர்: அதுக்குள்ள அவங்களே முந்திக்கிட்டாங்க. "குரல்ல இவ்வளவு பதட்டம் ஏம்மா? நீ அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க. அவ்வளவு பிரியமா...

இயக்குநர்: நீ என்ன சொன்ன?

எடிட்டர்: "உறவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க... வேலைக்கு வந்திருக்கேன்"னுட்டேன்.