சத்தமா, சக்தியா? போத்தனூர்க் காற்றுக்குழாயின் கதை

இந்தச் சங்கம் என்னும் வண்டியை இத்தனை ஆண்டுகளாகப் பஞ்சராகாமல் ஓட்டிவரும் அவைத்தலைவர், அண்ணன் அப்புசாமி அவர்களே! உலையில் இரும்பை உருக்கி, உழைப்பில் உடலை உருக்கி, ஊருக்கு உயர்வு சேர்த்த பெரியோர்களே! லேத்து இரைச்சலுக்கு நடுவே தாலாட்டுப் பாடிப் பிள்ளை வளர்த்த தாய்மார்களே! பீளமேட்டிலிருந்தும் கணபதியிலிருந்தும் சிங்காநல்லூரிலிருந்தும் ஷிஃப்ட் முடித்த கையோடு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கும் நண்பர்களே... உள்ளே நாற்காலி இருக்குதுங்க, கூச்சப்படாம வாங்க! உங்கள் அனைவரையும் பொள்ளாச்சி மண்ணின் மகள், இந்த மாசாணியம்மாள், இரு கரம் கூப்பி வணங்குகிறாள்.

நான் டாக்சி ஓட்டிப் பிழைக்கும் பெண். ஓட்டுவது என் டிரைவர்கள், பிழைப்பது நான். (சிரிங்க, சிரிங்க, அவங்களும் இதைச் சொல்லித்தான் சிரிப்பாங்க.) ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் ஆள் ஏற்றிப் போகும் ஏழெட்டுக் கார்களுக்குச் சொந்தக்காரி. அப்படிப்பட்டவளை அழைத்து, அழைப்பிதழில் என்ன தலைப்பு அச்சிட்டிருக்கிறார்கள் பாருங்கள்: "வெளியில் வாங்கிப் பூட்டும் ஏர் இன்டேக்குகள் காரின் திறனைக் கூட்டுமா?" இதைப் பேசக் கல்லூரிப் பேராசிரியர் இல்லையா? இன்ஜினியர் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கண்டது என்னுடைய காரில். என் கண் முன்னால். அதனால்தான் இந்த ஒலிவாங்கி என் கையில்.

தெரியாதவர்களுக்காக இரண்டே வார்த்தை. கார் இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை; காற்றையும் குடிக்கிறது. அந்தக் காற்று உள்ளே போவதற்கு, கம்பெனிக்காரன் ஒரு கறுப்புப் பெட்டியும் அதற்குள் ஒரு வடிகட்டியும் வைத்து அனுப்புகிறான். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. அதைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாயும் சிவப்புக் கூம்பு வடிகட்டியும் மாட்டினால் கார் பறக்கும் என்று இன்றைக்கு ஒரு பேச்சு ஊரெல்லாம் பரவியிருக்கிறது. இளவட்டங்களைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்வார்கள். ஏனுங்க தம்பி, அந்த நாலாவது வரிசையில், நீங்களும் மாட்டியிருக்கீங்களா? தலையை ஆட்டுகிறார்! உட்காருங்க கண்ணு, உங்களுக்குத்தான் இந்தக் கதை.

சென்ற ஆண்டு ஆடி முடிந்த சமயம். போத்தனூரில் ரப்பர் குழாயும் வடிகட்டியும் செய்யும் சிறிய பட்டறை ஒன்று. நடத்துகிறவர் சாஜிதா பேகம். கணக்கு வழக்கும் கொள்முதலும் கணவர் பஷீர். அச்சும் வார்ப்பும் அளவும் சாஜிதா. ரப்பரை அழுத்தி வார்க்கும் பிரஸ்ஸில் நிற்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். என் டாக்சிகளுக்கு வடிகட்டி வாங்கப் போய், வாடிக்கையாளராக இருந்து, அக்கா தங்கை ஆனவர்கள் நாங்கள்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வெளியூர் மொத்த வியாபாரி வந்தார். கையில் வெளிநாட்டுக் கூம்பு வடிகட்டி ஒன்று. "இதே மாதிரி செய்து தர முடியுமா?" என்றார். முடியுமாவா? கோயம்புத்தூர்க்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஒரு மாதத்தில் அதைவிட மழமழப்பாக, அதைவிட உறுதியாகச் செய்து கொடுத்தார் சாஜிதா. வியாபாரி வியந்தார். இதுவரை அந்தப் பட்டறை பார்த்திராத பெரிய ஆர்டரைக் கொடுத்தார். கூடவே அட்டைப்பெட்டியில் அச்சிட வேண்டிய வாசகத்தையும் கொடுத்தார். "பதினைந்து குதிரைத்திறன் கூடுதல்!" கீழே, செய்தவர் பெயராகப் போத்தனூர்ப் பட்டறையின் பெயர்.

பதினைந்து குதிரை! அறுபத்துச் சொச்சம் குதிரை இழுக்கும் வண்டியில், இன்னும் பதினைந்து குதிரையை ஒற்றைக் குழாய் ஓட்டிக்கொண்டு வந்து கட்டுமாம்! எந்தச் சந்தையில் பிடித்த குதிரை அது? எங்கள் பொள்ளாச்சிச் சந்தையில் மாடு விற்கிறவர்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்க விடுவாரே!

சாஜிதாவுக்கு அந்த வரி உறுத்தியது. பஷீர் சொன்னார்: "அவங்க போடச் சொன்னதைப் போட்டுக் குடுத்தா நம்ம வேலை முடிஞ்சுதும்மா. இதுக்கெதுக்கு ரோசனை?"

"பொட்டி மேல நம்ம பேருதானுங்களே இருக்குது," என்றார் சாஜிதா. "கூடுதா இல்லையான்னு ஒருக்காப் பாத்துப்போட்டு அனுப்பறனுங்க. கூடுச்சுன்னா சந்தோசமா அச்சடிக்கலாம்."

அன்று மாலையே எனக்கு போன். "அக்கா, நீங்க புதுசா வாங்கின எஸ்டீம் காரைக் கொஞ்சம் தர முடியுங்களா? ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா, பானெட்டைத் தொறந்து கையை வெப்பேன்." நான் பூசை போட்டுப் பொட்டு வைத்துப் பத்து நாள்கூட ஆகாத கார்! இருந்தாலும், கேட்டது யார்? கொடுத்தேன்.

ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே? எங்கள் ஊர்க் கொப்பரை வியாபாரி செங்கோடனின் மகள் பிரவீனா இருக்கிறாளே! ரேலி கார்ப் பந்தயத்தில் ஆண்களுக்குப் புழுதியைப் பரிசாகக் கொடுத்துவிட்டு முன்னால் போகிறவள். (இந்தக் கைதட்டல் அவளுக்குக் கேட்கட்டும், இன்னும் பலமாக!) பக்கத்து இருக்கையில் அமர்ந்து வழி சொல்லி, நேரம் பார்ப்பவள் அவள் தோழி ஆஷ்லி, நம் கோவைப் பெண். ஒரு விடியற்காலை, ஆழியாறு அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எல்லோரும் கூடினோம். ஒரே ஏற்றம், ஒரே கியர், இந்த மைல்கல்லிலிருந்து அந்த மைல்கல் வரை. முதலில் கம்பெனிப் பெட்டியோடு. அடுத்தது சாஜிதாவின் கூம்போடு.

கூம்போடு ஏறியபோது அந்தக் கார் போட்ட முழக்கம் இருக்கிறதே! மலைக்கரடே அதிர்ந்தது, மரத்திலிருந்த குரங்குகள் குட்டியைக் கட்டிக்கொண்டு ஓடின. இறங்கி வந்த பிரவீனா துள்ளினாள். "சாஜிதாக்கா, பறக்குதுங்க! மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்குதுங்க!"

பஷீர் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. நானும் மகிழ்ந்தேன். ஆஷ்லி மட்டும் கையிலிருந்த கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பறக்கலீங்க," என்றாள். "முந்தியைவிட நேரம் கொஞ்சம் சேத்தித்தான் ஆயிருக்குது."

"உன்ற வாச்சு கெட்டுப்போச்சுடி!" என்றாள் பிரவீனா.

இரண்டு தோழிகளுக்கும் நடுரோட்டில் வழக்கு. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் மனம் பறந்தது, கடிகாரம் பறக்கவில்லை. அப்போதுதான் சாஜிதா என் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து வந்தார். "பிரவீனா கண்ணு, ரெண்டு காதுலயும் இதை அடைச்சுக்க. நாங்க எதை மாட்டறோம்னு பாக்காம அணைப் பக்கமாத் திரும்பி நில்லு. இந்நேரம் இந்த ரோட்டுல வேற வண்டி வராது. ஆஷ்லி தோளைத் தட்டுனா வண்டியை எடு."

காதில் பஞ்சோடு ஓட்டினாள். திரும்பி வந்தாள். பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இது கம்பெனிப் பொட்டி. மந்தமா இருக்குதுங்க."

பானெட்டைத் திறந்தோம். உள்ளே, செக்கச் செவேலென்று கூம்பு!

அன்பர்களே, எத்தனை பந்தயம் கண்ட கால் அவளுடையது! அந்தக் காலையே அவள் காது ஏமாற்றிவிட்டதே! சத்தம் கூடினால் சக்தி கூடியதாக மனம் மயங்குகிறதே! இதைக் கண்டு பிரவீனா வெட்கப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, இத்தன நாளு இன்ஜினை ஓட்டுனனா, இரைச்சலை ஓட்டுனனா!"

ஏன் இப்படி? சாஜிதா கூம்பின் மேல் கையை வைத்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கொதிக்கிறது! பானெட்டுக்குள் இன்ஜினின் அனல். அந்த அனல் காற்றைத்தான் கூம்பு குடிக்கிறது. சூடேறினால் காற்று விரிந்து லேசாகிப்போகும்; ஒரு மடக்கில் இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று குறையும். அழகில்லாத அந்தக் கறுப்புப் பெட்டியோ, முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இது பம்பு செய்யும் ஊர். உங்களுக்கு நான் விளக்கவும் வேண்டுமா? கிணற்றில் ஊறுவது இவ்வளவுதான், மோட்டார் இழுப்பதும் இவ்வளவுதான் என்றால், குழாயை மட்டும் பெரிதாக்கினால் தோப்புக்குத் தண்ணீர் கூடப் பாயுமா?

சாஜிதா அத்தோடு விடவில்லை. கூம்பைச் சுற்றித் தகரத்தில் மறைப்புக் கட்டினார். முன் கிரில்லிலிருந்து தனிக் குழாய் இழுத்துக் குளிர்காற்று கொடுத்தார். மறுபடி ஆழியாறு, மறுபடி பஞ்சு. இந்த முறை உண்மையிலேயே கூடியது. எவ்வளவு? இன்ஜின் உச்சிக்குப் போய் அலறும்போது மட்டும், நூலளவு. டவுன்ஹால் நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பந்தயத்துக்காக இன்ஜினையே உள்ளும் புறமும் மாற்றியவர்களுக்கு வேண்டுமானால் பெரிய குழாய் பயன்படும் என்றாள் பிரவீனா. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

வியாபாரி வந்தார். நடந்ததையெல்லாம் சாஜிதா சொன்னார். சரக்கு தயார், வாசகத்தை மட்டும் மாற்றவேண்டும் என்றார்.

வியாபாரி சிரித்தார். "எல்லாருமே இப்படித்தாம்மா போடறாங்க. வாங்குறவன் குதிரையை எண்ணியா பார்க்கப் போறான்?"

"நான் எண்ணிப்போட்டனுங்களே," என்றார் சாஜிதா.

அவருடைய சிரிப்பு நின்றது. ஆர்டரும் நின்றது. அடுக்கி வைத்த சரக்கு அடுக்கியபடி. ஆயுத பூசை நெருங்குகிறது, அதன்பின் தீபாவளி. பிரஸ்ஸில் நிற்கும் பெண்கள் போனஸை நம்பியிருக்கிறார்கள். தேநீர் வேளையில் அவர்களைக் கூட்டி வைத்து நடந்ததைச் சொன்னபோது, அவர்களில் ஒருவரான செல்லாத்தாளுக்குக் கோபம் வந்தது. ஏன் வராது? "அம்மணி, தீபாவளி நோம்பிக்கு எம்பட புள்ளையும் மாப்பிள்ளையும் வாராங்க. அவங்ககிட்ட ஆர்டர் போயிருச்சுன்னா சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டார்.

"போனஸ் உண்டு செல்லாத்தா. புது பிரஸ் வாங்க வெச்சிருந்ததுல தரேன். பழைய பிரஸ்ஸே இன்னும் ரெண்டு வருசத்துக்கு இழுக்கட்டும். ஆனா பொட்டி மேல அதை எழுத என்னால ஆகாது."

செல்லாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்பப் பழைய பிரஸ்ஸுக்குக் கிரீஸ் போடோணும், இந்தக் கிறீச்சு தாங்க முடியல," என்று எழுந்து போனார். அதுதான் அவர் சொன்ன சம்மதம்! பஷீர் அன்றைக்கே அச்சகத்துக்குப் போய்ப் புது வாசகம் கொடுத்துவிட்டு வந்தார். என்ன வாசகம் தெரியுமா? "இதை மாட்டினால் சத்தம் கூடும். வேகம் கூடும் என்று நாங்கள் சொல்லவில்லை."

சிரிக்கிறீர்கள்! நானும் சிரித்தேன். தன் கடையைத் தானே பூட்டிக்கொள்ளும் வாசகம் என்றே நினைத்தேன். நடந்தது என்ன? கல்லூரிப் பையன்கள் நான்கைந்து பேர் பட்டறைக்கு வந்து பெட்டியைப் படித்தார்கள். பஷீர் பயந்தபடி நின்றார். ஒருவன் சொன்னான்: "எங்களுக்குச் சத்தம் போதுமுங்க!"

அட, ஆண்டவனே! வந்தவர்கள் வாங்கினார்கள், வாங்கியவர்கள் மற்றவர்களை அனுப்பினார்கள். சரக்கில் பாதி சத்தத்துக்காகவே விற்றது. மீதிப் பாதி இன்னும் அடுக்கில்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்றும் நடந்தது. அந்தப் பெட்டியைப் படித்த தாராபுரம் லாரிக்காரர்கள், "கூடாததைக் கூடாதுன்னு எழுதறவங்க, புழுதியைப் புடிக்கும்னு எழுதுனா புடிக்குமப்பா," என்று சொல்லிச் சாதாரண வடிகட்டிக்கு வந்து நின்றார்கள். தொண்டாமுத்தூர் டிராக்டர்கள் வந்தன. என் டாக்சிகள் முன்பே அங்கேதான். கைவிட்டுப் போன வருமானத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது, முழுவதும் வரும். பழைய பிரஸ் இன்னும் இழுக்கிறது!

எனவே தலைவர் அவர்களே, தலைப்புக்கு என் தீர்ப்பைக் கேட்டீர்கள். நல்ல கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பளபளப்பை மாட்டுவதால், தெருவில் ஓடும் காருக்குத் திறன் கூடாது. சூட்டைக் குடித்தால் குறையவும் செய்யும். அழுக்கேறிய வடிகட்டியை மாற்றுங்கள், அதுவே போதும். சத்தம் பிடித்தால் சத்தத்துக்காக மாட்டுங்கள், யார் தடுப்பது?

ஆனால் நான் பெருமைப்படுவது தீர்ப்பை நினைத்தா? இல்லைங்க. பஞ்சாலையால் பேர் பெற்ற ஊர் இது. பம்பால் பேர் பெற்ற ஊர் இது. கிரைண்டரால் பேர் பெற்ற ஊர் இது. இமயத்தின் அடிவாரத்தில் ஒரு விவசாயி கிணற்றுமேட்டில் நின்று, பெட்டியில் "கோயம்புத்தூர்" என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மறுகேள்வி கேட்காமல் வாங்கிப் போகிறானே, எதனால்? நம் முகம் பார்த்தா? நம் மொழி கேட்டா? எழுதியபடி இருக்கும் என்கிற நம்பிக்கையால்! அந்த நம்பிக்கையை ஒரு தலைமுறை வார்த்தது. ஒரு தலைமுறை கடைந்தது. இதோ, நம் காலத்தில் போத்தனூரில் ஒரு பெண், பெரிய ஆர்டரை வாசலோடு அனுப்பிவிட்டு அதைக் காப்பாற்றியிருக்கிறாள்! இதைவிடப் பெரிய குதிரைத்திறன் எந்த இன்ஜினில் உண்டு? எந்த நாட்டுக் காரில் உண்டு?

தலைவர் அவர்கள் இந்தப் பொன்னாடையை என்னிடம் கொடுத்து, சாஜிதாவுக்குப் போர்த்தச் சொன்னார். இங்கே ஏறும்போது அவரைக் கூப்பிட்டேன். "பிரஸ்ல நிக்கறவங்க கீழ, நான் மட்டும் மேலயாங்க்கா?" என்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அப்புசாமி அவர்களே, இன்னும் எத்தனை பொன்னாடை இருக்கிறது? எனக்குப் போர்த்தியதையும் கழற்றித் தருகிறேன். செல்லாத்தா, எழுந்து வாருங்கள்! பக்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் வாருங்கள்! பஷீர் தம்பி, நீங்களும்தான், தூணுக்குப் பின்னால் மறையாதீர்கள்! பிரவீனா, ஆஷ்லி, சாஜிதாவின் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்!

சபையோரே, அவர்கள் நடந்து வருகிறார்கள். எழுந்து நின்று வழிவிடுங்கள். இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கும், இடம் தந்த சங்கத்துக்கும், ஒலிபெருக்கியைக் கரகரக்காமல் பார்த்துக்கொண்ட தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. என் பேச்சு முடிந்தது, கைதட்டல் இவர்களுக்கு. அனைவருக்கும் வணக்கமுங்க!