எழுந்து போனவள்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. செல்போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். அந்த வெளிச்சம் முகத்தில் அடித்தால் எனக்குச் சொல்ல வராது. குளிருகிற பிள்ளை என் பக்கம் நகர்ந்து கொள்ளட்டும். ஒன்று சொல்கிறேன். கட்டிச் சொல்வது இல்லை, நடந்தது. என் சிநேகிதி கரோல் இருக்கிறாளே, அவளுடைய சித்தி மகள் மர்சலினுக்கு நடந்தது.

விளக்கு வைத்து வெகு நேரம் ஆகியிருந்தது. பட்டினப்பாக்கம் லூப் ரோடு. மீன் கடைக்காரர்கள் பலகைகளைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். ஈரத் தரை... செதில் வாடை... ஒரு பக்கம் கடல் இரைச்சல். வேறு வண்டியே இல்லை. ஒரே ஒரு ஆட்டோ. அதில் மர்சலின், மடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி.

"இன்னாக்கா, பச்சப் புள்ளைய ஆஸ்பத்திரிலர்ந்து இட்டுகினு போற மாரி புட்சிகினு கீற?" என்றார் ஆட்டோக்காரர்.

"கீழ வெச்சா அதிரும்ண்ணே. இன்னிக்குத்தான் சரி பண்ணியிருக்கு."

"நல்லா புட்சிக்க. ரோடு நம்ம ரோடு."

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பெட்டி மட்டும் மடியில் கதகதவென்று இருந்தது. கடையில் அணைத்து நெடுநேரம் ஆகியும் சூடு ஆறவில்லை. ஓடின மிஷின்தானே என்று விட்டுவிட்டாள்.

மர்சலினுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சாந்தோமில் அவளும் அப்பாவும்தான். அப்பா ஆரோக்கியநாதன், கணக்கு வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால், வராத கையை விட்டுவிட்டு மற்றக் கையால் ஸ்பூனை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் தட்டுவார். ணங்... ணங்... அவ்வளவுதான் அவர் பேச்சு.

அவளுக்கு வேலை வீட்டிலேயே. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு டைப் அடிப்பது. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. ஹெட்செட்டை வலது காதில் மட்டும் வைத்துக்கொள்வாள். இடது காது அப்பாவுக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பெருங்குடி ஆபீசிலிருந்து தகவல் வந்தது. இனிமேல் கேமரா முன்னால் உட்கார்ந்துதான் வேலை. அதற்கு ஒரு பரீட்சை. தேறினால்தான் தொடரலாம். அவள் கம்ப்யூட்டரோ கேமராவைத் திறந்தாலே மூச்சு முட்டி நின்றுவிடும். புதிது வாங்க வழியில்லை. அந்த வேலை போனால் அப்பாவுடைய மாத்திரையும் போச்சு, கஞ்சியும் போச்சு.

அடையாறில் ஒரு சந்துக்குள் மெஹபூப் அலி கடை. பழைய மிஷின்களைப் பிரித்துச் சேர்க்கிறவர். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பூராவும் மாத்தத் தேவையில்லக்கா. டிஸ்க் மட்டும் புதுசு போட்டுடுவோம், அதான் இழுக்குது. மானிட்டரு, பெட்டி, போர்டு எல்லாம் அப்டியே இருக்கட்டும். ரேம், அதான் மெமரி, ஏத்தணும். ஆனா இந்த போர்டுக்குப் போடற ரேம் புதுசா கிடைக்கறது கஷ்டம். பழசு ஒரு ஜோடி கீது. அதே மிஷின்லர்ந்து கழட்டுன கேமராவும் கீது. போட்டுத் தரேன்."

"போடுங்க பாய். எப்ப தருவீங்க?"

"நாளைக்கு. பழசு எது மாட்டினாலும் ஒரு ராத்திரி நம்ம கடையிலயே ஓட விட்டுத்தான் குடுப்பேன்."

"இன்னிக்கு ராத்திரிதான் பாய் பரீட்சை."

அவர் டார்ச்சை அணைத்தார். "ஒரு ராத்திரிதானேக்கா" என்றார். அவள் கெஞ்சினாள். பொழுது சாய்ந்து வெகு நேரத்துக்குப் பிறகு, மனசே இல்லாமல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

அப்படித்தான் அந்த ஆட்டோ.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் குனிந்து சொன்னாள். "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்கப்பா. சீட்டை விட்டு எழுந்தா வேலை போயிடும்." அவர் கண்ணை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம். திரைச்சீலையை இழுத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

சுவிட்சைப் போட்டதும் மிஷின் குதித்துக்கொண்டு எழுந்தது. பழைய முக்கல் இல்லை, முனகல் இல்லை. பெட்டிக்குள் விசிறி சுற்றியது. அதிலிருந்து ஒரு வாசனை... முகத்துக்குப் போடும் பவுடர் வாசனை. படுக்கைப் புண் வராமல் இருக்க முதுகில் கொட்டுவார்களே, அந்த மாதிரி. அப்பாவுக்கு இருமல் வரும் என்று அவள் வீட்டில் பவுடரே கிடையாது.

பரீட்சை ஆரம்பித்தது. கேமரா பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். டாக்டர் பேசினார், இவள் அடித்தாள். பல ராத்திரித் தூக்கம் கண்ணுக்குப் பின்னால் மணல் மாதிரி அரித்தது. விரல் மட்டும் ஓடியது.

அப்போது இடது காதில்...

ணங்.

அவள் விரல் நிற்கவில்லை.

ணங்... ணங்...

அவர் சும்மா தட்டமாட்டார். சொல்லியும் தட்டுகிறார் என்றால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பொட்டு வெளிச்சம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தாள். தட்டுவது மெலிந்தது. இடைவெளி விட்டு ஒன்று... ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று...

பிறகு திரைச்சீலை வளையங்கள் கம்பியில் நகரும் சத்தம். சர்ர்ர்... கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது. பவுடர் வாசனை கனத்தது.

தட்டுவது நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தால் குறித்துக்கொள்வார்கள். அவள் திரும்பவில்லை.

எல்லாம் முடிந்து எழுந்தபோது கால் மரத்திருந்தது. உள்ளே ஓடினாள். அப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டில் ஈரம். தாடைக்குக் கீழே ஒரு துண்டு, முக்கோணமாக மடித்து. கழுத்தில் வெள்ளையாகப் பவுடர். நான்தான் மடித்து வைத்தேனோ, அசதியில் எனக்கே மறந்து போச்சோ என்று நினைத்துக்கொண்டு கட்டிலோரம் தரையிலேயே படுத்துவிட்டாள். அவ்வளவு அசதி, கண்ணுகளா. பயப்படவும் தெம்பு வேண்டுமே.

காலையில் ஆபீசிலிருந்து லாவண்யா பேசினாள். பரீட்சையைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த பெண்.

"மேம், நீங்க பாஸ். ஆனா ஒண்ணு சொல்லணும். நடுவுல எழுந்து உள்ள போனீங்கல்ல? ரூல் படி நான் அங்கயே க்ளோஸ் பண்ணியிருக்கணும். ஹெட்செட்டைக் கழட்டி வெச்சிட்டு, பின்னாடி கர்ட்டனை விலக்கிட்டுப் போனீங்க. எங்க வீட்லயும் படுக்கையில ஆள் இருக்காங்க மேம். மனசு வரல, விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மர்சலின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான் எழுந்திருக்கவே இல்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? அப்போது வீட்டில் இருந்தது யார் என்று கேட்பார்கள். விழுங்கிக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ்மா."

"இன்னொண்ணு மேம். சேர் காலியா இருந்தப்பவும் உங்க டைப்பிங் வந்துகிட்டே இருந்துச்சு. நெட் ஸ்லோவா?"

"ஆமாம்மா" என்றாள் மர்சலின். "நெட் ஸ்லோ."

அன்றைக்கே மெஹபூப் அலி கடைக்குப் போனாள். ரேம் யாருடையது என்று கேட்டாள்.

"சைதாப்பேட்டைல ஒரு பொண்ணுக்கா. உங்கள மாரியே காதுல மாட்டிகினு டைப் அடிக்கிற வேலை. ஏதோ பரீட்சை அன்னிக்கு உள்ளே அம்மா கூப்ட்டாங்களாம். எழுந்தா வேலை போயிடும்னு ஒக்காந்துகினே இருந்துச்சாம். முடிச்சிட்டுப் போய்ப் பாத்தா..." அவர் கையை விரித்தார். "அந்தப் பொண்ணும் அப்பால ரொம்ப நாள் இல்ல. அண்ணன்காரர் கொண்டாந்து போட்டாரு."

"ரேம்ல ஏதாவது தங்குமா, பாய்?"

"கரண்ட் போனா ஒண்ணும் தங்காதுக்கா. தொடச்சி வுட்ட மாரி ஆயிடும்."

"அப்ப ஏன் ஒரு ராத்திரி ஓட விடறீங்க?"

அவர் நகத்தில் ஒட்டிய பசையைச் சுரண்டினார். "எங்க உஸ்தாத், தொழில் கத்துக் குடுத்தவரு, சொன்னது. பழைய வீட்டை மறக்கட்டும்னு சொல்வாரு. வேற ஜோடி வந்தா மாத்தித் தரட்டுமா? நாளாகும்."

ராத்திரிக்கு வேலை இருந்தது. "இருக்கட்டும், பாய்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். இவள் டைப் அடிப்பாள். பின்னால் வளையங்கள் நகரும். கட்டில் கிறீச்சிடும். அப்பா தட்டுவதே இல்லை. இவள் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. விடிந்தால் அப்பாவுக்குத் துணி மாற்றியிருக்கும். முதுகில் வெகு நாளாக இருந்த படுக்கைப் புண்கூட ஆறிவிட்டது. அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது, தப்பாக நினைக்காதீர்கள். ஒற்றை ஆளாய் அத்தனை காலம் தூக்கியவள்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டரை அவள் முன்னாலேயே அணைத்து வைத்திருந்தாள். நல்ல புழுக்கம். அப்பா உதடு வெடித்து, நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தார். மர்சலின் தண்ணீர் கொண்டுபோய், தலையைத் தாங்கி, டம்ளரை வாயருகே வைத்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அப்பா, நான்தாம்பா... மர்சலின்."

அவளை உற்றுப் பார்த்தார். தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி. நல்ல கையால் டம்ளரைத் தள்ளிவிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண் திரைச்சீலையிலேயே இருந்தது. அவள் அழுதாள், கெஞ்சினாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள். துப்பிவிட்டார். இருட்டில் அப்படியே காத்திருந்தார்.

ரொம்ப நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. முன்னறையில் விசிறி சுற்ற ஆரம்பித்தது... அவள் அணைத்து வைத்த மிஷின், யாரும் தொடாமல்.

திரைச்சீலை மெல்ல விலகியது.

அப்பா முகம் மலர்ந்து வாயைத் திறந்தார். மர்சலின் பக்கம் இல்லை. கட்டிலுக்கு மறுபக்கம்.

அவ்வளவுதான், கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் தாகம் என்று கேட்கிற வாய்க்கு உங்கள் கையாலேயே தண்ணீர் போகட்டும். அந்தக் கையை அவர்களுக்கு அடையாளம் தெரியட்டும். உங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஒற்றை ஆளாய்ச் சுமக்காமல், நாலு பேராய் நன்றாய் இருங்கள்.