வெளித் தாழ்ப்பாள்

டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது. எனக்கு ஆகாது, ஆனாலும் பரவாயில்லை, இன்றைக்கு ஒரு நாள் குடித்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கதவை வெளியே பூட்டியது நான்தான். உள்ளே பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஏன் பூட்டினேன் என்று புரிய வேண்டுமென்றால் எங்கள் தியேட்டரைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்னபாக்கியம் டாக்கீஸ் என் தாயார் பெயரில் அப்பா கட்டியது. ஆனைக்குட்டம் போகிற சாலையில் முகப்பு எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. நல்ல கனமான சுவர், ஜன்னல் கிடையாது. கதவுகளின் உட்புறத்தில் தேங்காய் நார் வைத்துத் தைத்த மெத்தை. உள்ளே பேசுகிற வசனம் வெளியே கேட்டால் எவன் டிக்கெட் எடுப்பான் என்பார் அப்பா. எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் வெளியில்தான். படம் ஆரம்பித்ததும் கேட்காரர் வெளியே நின்று தாழ் போட்டுவிடுவார். ஓசியில் ஒருத்தன் நுழைய முடியாது.

ரீல் அறுந்தாலோ கரண்ட் போனாலோ உள்ளே இருக்கிற சனம் கதவைத் தட்டும். முதலில் யாராவது ஒருவர் தட்டுவார், பிறகு பலர், பிறகு காலால் உதைப்பார்கள். அப்பா அசைய மாட்டார். "தெறந்தம்னா அம்புட்டுப் பேரும் வெளிய வந்து துட்டத் திருப்பிக் கேப்பானுக. பேசாம இருலே, தானா அடங்கும்" என்பார். அடங்கும். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம் அது.

படம் போடுவது நின்று பல வருடம் ஆகிறது. என் மகள் ஐஸ்வர்யா சென்னையிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், இடித்துவிட்டு மண்டபம் கட்டுங்கள் என்பாள். அவளுக்கு என்ன தெரியும். நான் தினமும் போய் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். போகவும் வேறு இடமில்லை, பேசவும் ஆளில்லை. அங்கே ஓடிய ஒவ்வொரு படமும் எனக்கு நினைவிருக்கிறது, ஒருத்தர் கேட்டதில்லை. அது ஜெயிலைவிட மோசம் ஐயா. இங்கே நீங்களாவது கேட்கிறீர்கள்.

சிவகாசியில் தீபாவளி சீசன் சூடு பிடித்தால் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர் கொள்ளாது. வேலை லைசென்ஸ் இல்லாத இடங்களுக்குப் பிரிந்து போகும். அப்படித்தான் ஏஜெண்ட் பாண்டிமுருகன் என்னிடம் வந்தான். வெடிக்குத் திரி வைக்கிற வேலை. ஜன்னல் இல்லாத கட்டடம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெடிமருந்து வாசம் சாலைக்குப் போகக்கூடாது என்று காற்றுத் துவாரங்களில் சாக்கை அடைத்தான். மேலே ஆபரேட்டர் கேபினின் புகைக்குழாயையும் அடைக்கப் போனான். அது பழைய பொருள், கை வைக்காதே என்று நான்தான் தடுத்தேன்.

வேலைக்கு வந்தவர்கள் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள். சண்முகத்தாய்தான் அவர்களுக்கு மூத்தவள். அவள் மருமகள் பானுப்பிரியா கொஞ்சம் வாய்த்துடுக்கு. வந்த முதல் நாளே கதவைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"தாப்பா எதுக்கு அண்ணாச்சி வெளிய இருக்கு? உள்ள இருக்கவுக அவசரத்துக்கு என்ன செய்வாக?"

"இடைவேளை வரைக்கும் பொறுத்துக்கிட வேண்டியதுதாம்மா" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஆய்வுக்கு அதிகாரிகள் வண்டி வந்தால் இந்தப் பக்கத்தில் செய்வது ஒன்றுதான். ஆட்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடுவார்கள். பூட்டு தொங்குகிற கட்டடத்தைப் பார்த்தால் வண்டி நிற்காமல் போய்விடும். பெண்களுக்கும் அது பழக்கம்தான். விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள்.

அன்று மதியம் சாலை பிரிகிற விலக்கு டீக்கடையிலிருந்து போன் வந்தது. "ஜெயச்சந்திரன் அண்ணாச்சி, வண்டி ஒங்க பக்கந்தான் திரும்பிருக்கு." பாண்டிமுருகன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான். மற்றக் கதவுகள் எப்போதும் தாழ் போட்டே இருக்கும், நான் வாசல் கதவைச் சாத்தப் போனேன். சண்முகத்தாய் வாசல்வரை வந்தாள். வேர்வையில் நனைந்திருந்தாள்.

"சீக்கிரம் தெறந்துருங்க அண்ணாச்சி. பேச்சுவாக்குல எங்கள மறந்துராதீக."

என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். தாழைப் போட்டுப் பூட்டினேன். மருந்து இருக்கிற இடத்துக்குள் செருப்போடு போகக்கூடாது என்பதால் அவர்கள் செருப்பெல்லாம் வாசலில் கிடந்தன. அவற்றை அள்ளி டிக்கெட் கவுண்டருக்குள் போட்டேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வந்த அதிகாரி சின்ன வயது. பூட்டை ஆட்டிப் பார்த்தார், எவ்வளவு காலமாக மூடியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அத்தோடு போயிருக்க வேண்டியவர். முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க முதல்முதலா என்ன படம் சார் போட்டீங்க?" என்றார்.

அப்படி ஒருவர் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

முதல் படம் புராணப் படம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வண்டி கட்டி வந்தது. திரையில் சாமி தோன்றியதும் ஒரு அம்மாள் முன்னால் போய்ச் சூடம் கொளுத்திவிட்டாள். கூட்டத்தில் பாதிப் பேர் உடம்பில் மருந்துத் தூளோடு வேலையிலிருந்து நேராக வந்தவர்கள். அப்பாவுக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து சூடத்தையும் தீப்பெட்டியையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவோம். தீப்பெட்டி செய்கிற ஊரில் தீப்பெட்டிக்குத் தடை போட்ட ஒரே இடம் எங்கள் தியேட்டர் என்றேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் கேட்டது. அவருக்கு இல்லை, எனக்கு. நார் மெத்தை அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. ஒருவர் மட்டும் தட்டினார். புழுக்கம் தாங்காமல் பானுப்பிரியாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரே பிரிண்டை இரண்டு ஊரில் ஓட்டிய கதையைச் சொன்னேன். பக்கத்து ஊரில் ஒரு ரீல் முடிந்ததும் எங்கள் தியேட்டர் பையன் சங்கிலிமுத்து அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு இங்கே மிதிப்பான். ஒரு தீபாவளிக்கு வழியில் டயர் வெடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் கையில் இருந்த ரீலைப் போட்டோம். செத்துப்போன வில்லன் திரும்ப வந்து சண்டை போட்டான். சனம் அதற்கும் கை தட்டியது. அலுமினியத் தூள் ஒட்டிய கைகள், மேலே தூக்கினால் புரொஜெக்டர் வெளிச்சத்தில் மினுங்கும். அந்த அழகை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது பல கைகள் தட்டின.

"மேல குழாய்ல லேசா புகை வருதே?" என்றார் அதிகாரி.

"காவக்காரன் சோறு பொங்குதான் சார்" என்றேன். எங்களுக்குக் காவல்காரன் கிடையாது. இருட்டில் எது எதை உரசியதோ, திரிக் கட்டு பற்றியிருக்கிறது. வெடித்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். சாக்கும் காகிதமுமாகப் புகைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் புரொஜெக்டருக்குள் கார்பன் குச்சியை எரித்துத்தான் வெளிச்சம் உண்டாக்குவார்கள், அந்தப் புகை வெளியேறத்தான் இந்தக் குழாய் என்று விளக்கினேன். அவர் ஆசையாகக் குழாயைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இப்போது உங்களிடம் இருக்கும். புகை தெளிவாகத் தெரியும்.

சீல் வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் செய்துவிட்டான் என்று உங்கள் ஆள் எழுதிக்கொள்கிறார். எழுதட்டும், பயம் இருந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நானே சொல்கிறேன். படம் எடுத்ததும் அவர் எழுந்துவிட்டார். நேரமாகிவிட்டது, இன்னும் பல இடம் பார்க்க வேண்டும் என்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வண்டி வளைவு திரும்பியிருந்தால் சாவியை எடுத்திருப்பேன்.

"கடைசியா ஓடுன படத்தோட கதையக் கேக்காமப் போறீகளே சார்" என்றேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. சண்முகத்தாயும் மருமகளும் கதவோரத்திலேயே கிடந்தார்களாம். செருப்பை வைத்துத்தான் மொத்தம் எத்தனை பேர் என்று கண்டுபிடித்தார்களாம். தாழ்ப்பாளைப் பற்றி அந்தப் பெண் கேட்டபோது நான் விளையாட்டாகப் பதில் சொன்னது மனதை உறுத்துகிறது. ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம்.

தட்டியது கேட்டும் சும்மா இருந்தாயா என்கிறீர்கள். கேட்டது ஐயா. கைகள் தட்டின, பிறகு கால்கள் உதைத்தன, பிறகு திரும்பவும் ஒரே ஒரு கை. அப்பா சொன்ன மாதிரியே தானாக அடங்கியது. அதற்கப்புறம்தான் கடைசிப் படத்தின் கதையை நிதானமாகச் சொல்ல முடிந்தது. நல்ல மனிதர், முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை.