நாணல் பக்கம்

எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதம் சாப்பிட வேண்டுமென்றால், புளியோதரை செய்யப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். முதலை பார்க்கப் போவதற்கு முதல் நாள் சாயங்காலமும் அப்படித்தான் சொன்னேன். "புளிக்காய்ச்சல் இருக்கு. நாளைக்கு வேன்ல எடுத்துண்டு போக புளியோதரை கலந்துடறேன்."

டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே என் கணவர் சொன்னார்: "படகுல போறப்போ புளியோதரையா? வயித்தைக் கலக்கும். எலுமிச்சம்பழ சாதம் பண்ணு."

பண்ணினேன். நன்றாகவே வந்திருந்தது. காலனி அசோசியேஷன் செயலாளர் அச்சுதன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சத்யபிரியா மேடம், நீங்கள் ஆற்றங்கரை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து முடிச்சூர் வரை பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் உங்கள் கேஸ் கட்டு முடிந்துவிடும். காப்பி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். கையெழுத்துக்கு முன்னால் என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரைத் தெரியாமல் அன்று நடந்தது உங்களுக்குப் புரியாது.

தோத்தாத்ரி. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிக்க மாட்டார். என்மேல் கை ஓங்கியதில்லை. காலனியில் யார் வீட்டு மோட்டார் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், உடனே போவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். நான் ஒன்று சொன்னால் அதற்கு எதிர்ப்பக்கம் போவார். யோசித்து மறுப்பதில்லை. என் குரல் காதில் விழுந்ததும் உடம்பே திரும்பிவிடும். கல்யாணமான மூன்றாம் வருஷம், ரெண்டு பேரும் டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றேன். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு சரி. எங்களுக்குக் குழந்தை இல்லை.

நான் குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்தேழு வருஷம் இருந்தேன். ஒரு புத்தகம் இல்லை என்று நான் சொன்னால் பேராசிரியர்கள்கூட மறுபேச்சில்லாமல் போய்விடுவார்கள். சாயங்காலம் தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கியதும் அந்த மரியாதையும் இறங்கிவிடும். அதற்காக எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபக்காரர்கள் கத்துவார்கள். முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

என் தங்கை குமுதவல்லி எங்களோடு இருந்தாள். அவள் கணவர் இறந்த பிறகு அவளுக்கு வேறு இடமில்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். 2023 டிசம்பர் புயலில் அடையாற்றுத் தண்ணீர் இந்தத் தெருவுக்குள் வந்தது. கீழ்த்தளத்தில் இடுப்பளவு. நாங்கள் மாடியில் இருந்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் மீட்புப் படகு படிக்கட்டு வரைக்கும் வந்தது. படகில் இருந்தவர் மேலே பார்த்துக் கூப்பிட்டார்: "பேஷண்ட் யாருனா கீறாங்களா? மொதல்ல அவங்கள எறக்கும்மா. தண்ணி ஏறிகினே கீது. மறுபடி வர முடியுமான்னு தெர்ல."

நான் குமுதாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன். மருந்துப் பையை அவள் தோளில் போட்டேன். "ஏன்னா, வாங்கோ, போயிடலாம்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

அவர் படிக்கட்டின் குறுக்கே போய் நின்றுகொண்டார். "மத்தியானத்துக்குள்ள வடிஞ்சுடும். உடம்பு முடியாதவளைப் படகுல ஏத்தி, கவிழ்ந்தா யார் பொறுப்பு? நாங்க வரலைப்பா. நீங்க போங்கோ."

படகு போய்விட்டது. தண்ணீர் வடியவில்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜில் அவர் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நெடுங்குன்றம் பக்கம் சாலையைக் கடந்துபோன முதலை. அதைக் குமுதாவிடமும் கொண்டுபோய்க் காட்டினார். "இது சதுப்புநில ஜாதி. பெரும்பாலும் மனுஷாளை ஒண்ணும் பண்ணாது, தெரியுமோ?" அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மரியாதைக்குத் தலையை ஆட்டினாள். வியாழக்கிழமை விடியும்போது என் மடியில் தலை வைத்தபடியே போய்விட்டாள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்று பிறகு சொன்னார்கள். வந்தவர்களிடமெல்லாம் அவர், "அவளுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

காரியங்கள் முடிந்து அவளுடைய புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் 'படகெல்லாம் வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், அவரே குமுதாவைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கியிருப்பார். என் தங்கையைக் காப்பாற்றும் சொல் என் வாயிலேயே இருந்திருக்கிறது. நான் தப்பான சொல்லைச் சொல்லிவிட்டேன். அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கவனமாகப் பேசக் கற்றுக்கொண்டேன். ஜன்னல் திறந்திருக்க வேண்டுமென்றால் மூடச் சொல்வேன். சாதம் நான் விரும்பியபடி ஆயிற்று. ரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை நினைவுபடுத்த ஆரம்பித்தேன். "மாத்திரை போட்டுண்டேளா? மறக்காம போட்டுக்கோங்கோ." இரண்டே மாதத்தில் மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டார். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை விவரத்துக்காகச் சொல்கிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு அவருக்கு முதலைப் பைத்தியம் பிடித்திருந்தது. வண்டலூர் பூங்காவுக்கு நாலு தடவை போய் வந்தார். கூண்டுக்குள் படுத்திருப்பதைப் பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா என்பார். இந்த வருஷம் ஜனவரியில், கொள்ளிடத்தில் அரை நாள் படகில் போய் ஆற்று முதலைகளைப் பார்க்கலாம் என்று அசோசியேஷன் வாட்ஸப்பில் அறிவிப்பு வந்தது. "இந்தக் குளிர்ல வேண்டாமே" என்றேன். உடனே இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

மொத்தம் பதினான்கு பேர், விடிவதற்கு வெகுநேரம் முன்பே வேனில் புறப்பட்டுவிட்டோம். எட்டரை மணிக்குப் படகு கிளம்பியது. படகோட்டி சவுரிமுத்துவை நீங்கள்தான் கைது செய்தீர்கள், உங்களுக்கே தெரியும், பொறுப்பான மனிதர். கிளம்பும் முன்பே எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "யாரும் எறங்கப்படாதுங்க. கரையில கெடக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியும். தண்ணிக்குள்ள கெடக்கிறதுதான் வம்பு. ரெண்டு கொட்டைப்பாக்கு மெதக்குற மாதிரி இருக்கும். அதப் பாத்தா உடனே சொல்லுங்க."

என் கணவர் அவருக்கே முதலையைப் பற்றிப் பாடம் எடுத்தார். சவுரிமுத்து சிரித்துக்கொண்டே, "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றார்.

பதினொரு மணி இருக்கும். நடு ஆற்றில் ஒரு மணல்திட்டுக்குப் பக்கத்தில் போகும்போது மோட்டாரில் பாசி சுற்றிக்கொண்டது. திட்டின் முனையில் படகை ஒதுக்கிவிட்டு, சவுரிமுத்து பின்பக்கம் குனிந்து பாசியை அறுத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் மூன்று முதலைகள் வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தன. எல்லோரும் இடது பக்கம் சாய்ந்து அவற்றைப் படமெடுத்தார்கள். நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நாணல். நாணல் ஓரத்தில் இரண்டு கொட்டைப்பாக்கு மிதந்தன.

முதலில் ஏதோ மரக்கட்டை என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுகியது. பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே எழுந்தது. மரக்கட்டை அப்படிச் செய்யாது.

என் கணவர் எழுந்து நின்று, "இங்கேர்ந்து எல்லார் தலையும் மறைக்கறது" என்றார். திட்டைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் பேசாமல் இருந்திருந்தால் பாசியை எடுத்து முடித்து, படகு கிளம்பி, சாயங்காலம் எல்லோரும் தாம்பரம் வந்து சேர்ந்திருப்போம்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "ஏன்னா, இறங்கிடாதீங்கோ. உங்களால முடியாது. அச்சுதன் போட்டோ எடுத்துக் கொடுப்பார்."

யாரோ சிரித்தார்கள். அவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

சத்தம் கேட்டு நிமிர்ந்த சவுரிமுத்து, "ஐயா! ஏறுங்கய்யா! மொதல்ல ஏறுங்க!" என்று கத்தினார். என் கணவர் கணுக்கால் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தார். அடுத்தவர்கள் சொன்னால் அவர் கேட்கக்கூடியவர். திரும்பி ஏறியிருப்பார், இல்லையென்றால் இடது பக்கம் வெறும் மணலில் நாலடி நடந்து படமெடுத்துவிட்டு வந்திருப்பார். எதுவானாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சவுரிமுத்து அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நான் சொன்னேன்: "நாணல் பக்கம் மட்டும் போகாதீங்கோ."

என்னை ஒரு பார்வை பார்த்தார். படிக்கட்டில் குறுக்கே நின்றபோது பார்த்த அதே பார்வை. வலது பக்கம் திரும்பி நடந்தார். ஐந்து அடி.

மற்றதைப் பன்னிரண்டு பேர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் கத்தவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரிதான் இருந்தார். சவுரிமுத்து துடுப்போடு குதித்து முதலையை அடித்தார். அதில் அவருடைய வலது கையில் மூன்று விரல் போயிற்று. படகில் எல்லோரும் அலறினார்கள். நான் உட்கார்ந்த இடத்தில்தான் இருந்தேன். "பாவம், அந்த மாமி அவ்வளவு தடுத்தா" என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் சவுரிமுத்துவின் மனைவி செல்வமேரி இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். "அம்மா, அவரு எறங்கச் சொல்லலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். புண்ணு ஆறாமலே ஜெயில்ல வச்சிருக்காங்க" என்று அழுதாள். மோர் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவளை நினைத்துத்தான் இன்றைக்கு இவ்வளவும் சொல்கிறேன். ஒரு பாவமும் அறியாத மனிதர் உள்ளே இருக்கக்கூடாது இல்லையா?

போன ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அவர் படத்துக்கு மாலை போட்டு அச்சுதன் பேசினார். "தோத்தாத்ரி சார் எதையும் தானே முடிவு பண்றவர். கடைசி வரைக்கும் அப்படியே வாழ்ந்தார்" என்றார். கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டினார்கள், மேடம். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரியே உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, நான் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றேன்.

நீங்கள் கொண்டுவந்த தாளைப் படித்துப் பார்த்தேன். டைப் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஏழாவது வரியில், 'மனைவி பலமுறை தடுத்தும் கேளாமல், தன் சுயவிருப்பத்தின்பேரில் இறங்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். இது தப்பு. இந்த வீட்டில் எது நடந்தாலும் அவர் விருப்பம்தான். நாங்கள் இருந்த தெரு, போகாத டாக்டர், திரும்பிப் போன படகு, எல்லாம். இது ஒன்று மட்டும் அவருடையது இல்லை. முதலை அங்கே இருந்தது எனக்குத் தெரியும். அவரை இறக்கியது நான். அந்தப் பக்கம் திருப்பியதும் நான். அவர் செத்தது என் விருப்பத்தின்பேரில்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? சவுரிமுத்துவை விடுவிப்பது பற்றியா? அதெல்லாம் உங்கள் ஆபீஸ் வேலை, மெதுவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் இந்த ஏழாவது வரியைத் திருத்துங்கள்.