அவரைக் கொடியில் காய்த்த பூசணி

— அங்கிள், அவரைக் கொடியில எப்படி பூசணி காய்ச்சுது?

— ஐ ஸே ஜூலியா, நீ பி.காம் படிக்கிற பொண்ணு, உனக்குக் கொடியப் பத்தி என்ன தெரியும்? இது பூசணிக் கொடிதான்.

— இலை மூணு மூணா இருக்கு. பூசணி இலை ஒத்தையா, கை அகலத்துக்கு இருக்கும். அதோட இந்தப் பூசணிக் காம்ப சணல் கயித்தால கொடியில கட்டியிருக்கு அங்கிள்.

— ஒன் மினிட். அது சப்போர்ட்டு. காய் வெயிட்டுல கொடி அறுந்துடக் கூடாதில்ல?

— காய் தரையில உக்காந்திருக்கு.

— நான் சர்ச் கமிட்டி செகரட்டரி. இந்தக் கிளாரன்ஸோட மொட்டை மாடிக்கே வந்து கிளாரன்ஸையே செக் பண்றியா?

— நீங்கதானே சம்மதிச்சீங்க? இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைய யூத்தே நடத்தட்டும், ஏலத்துக்கு வர்ற காயெல்லாம் அவங்கவங்க வீட்டுல விளைஞ்சதா இருக்கணும், யூத்தே வீடு வீடாப் போய்ப் பாத்துக்கட்டும்னு?

— சொன்னேன். அல்சூர்ல நாலு மாடி ஏறினா மூச்சு வாங்கி விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்.

— ஒரு வீடு பாக்கியில்லாம ஏறிட்டோம். டோரதி ஆன்ட்டி பால்கனியில புதினா மட்டும்தான். அதையே கொண்டு வர்றேன்னுட்டாங்க.

— ஆண்டவருக்கு முதற்பலன் புதினாவா? ஐ ஸே, வருஷா வருஷம் முதல் ஏலம் என் பூசணிதான். பாஸ்டர் ரெண்டு கையால தூக்கிக் காட்டுவாரு, சபையே கை தட்டும். இந்த வருஷம் நான் வெறுங்கையோட போய் முதல் பெஞ்சுல உக்காரணுமா?

— ரெண்டு பேரும் ஸ்வல்ப தள்ளுங்க, காபி கொண்டு வந்திருக்கேன். ஜூலி, அந்தப் பூசணிய உருட்டாதம்மா. அடியில மார்க்கெட்காரன் சாக்பீஸ்ல போட்ட வெலை இருக்கு. அழிங்கன்னேன், மறந்துட்டாரு.

— பிரிஜெட், நீ என் பொண்டாட்டியா, யூத் மெம்பரா?

— நாப்பது வருஷமா பொண்டாட்டிதான். நேத்து ஆட்டோவுல அத மடியில வெச்சுக்கிட்டு வந்ததும் நான்தான். சீட்டுல வெச்சா அடிபட்டுடுமாம். பேரப்பிள்ளையக் கூட இப்படித் தூக்க விட்டதில்ல, ஜூலி.

— சாரி அங்கிள். இத என்னால ஒத்துக்க முடியாது.

— யோசிச்சுப் பேசு. நாளைக்கு ஏலம் முடிஞ்சதும் கமிட்டி. சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கற எடத்த உங்க தோட்டத்துக்கு விடறதா, கார் பார்க்கிங் போடறதான்னு ஓட்டு. ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்குது, என் கை ஒண்ணுதான் பாக்கி. நான் புதுசா கார் வாங்கியிருக்கேன், தெரியுமில்ல?

— தெரியும். எங்க அம்மாவோட ரோஜாத் தொட்டி மேல ஏத்தினீங்களே, அந்தக் கார்தானே.

— ரிவர்ஸ்ல தெரியல. விஷயத்துக்கு வா. பூசணிய நீ பாஸ் பண்ணு, என் கைய உங்க பக்கம் தூக்கறேன்.

— எங்க பசங்க காலேஜ் விட்டு வந்து அந்த எடத்துல கல்லு பொறுக்கினாங்க அங்கிள். சிமெண்ட் மூட்டையும் பழைய டயரும் தூக்கி வெளிய போட்டாங்க. அந்தத் தோட்டம் எனக்கு ரொம்ப வேணும், அழுகையே வருது. ஆனா உங்க பூசணிய விட்டுட்டா டோரதி ஆன்ட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? பாஸ் பண்ண மாட்டேன். கைய எங்க வேணா தூக்கிக்கோங்க.

— பாத்தியா பிரிஜெட்? இதுக்குத்தான் யூத்த யூத்தா வெக்கணும்ங்கறது. முப்பத்தஞ்சு வயசோட யூத் முடிஞ்சுது, யூத்துக்குத் தோட்டம் கெடைச்சாலும் அதுல பெரியவங்க யாரும் கை வெக்கக் கூடாதுன்னு நானே ரூல் எழுதி வெச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு.

— அது இருக்கட்டும். ஆன்ட்டி, இந்த அவரைய யாரு நட்டது?

— ஏங்க, அவ கேக்கறா பாருங்க.

— அது தானா மொளைச்சது.

— தானா மொளைச்சதுக்குத்தான் ஜெபம் முடிஞ்சதும் மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டுறாரு, அறுபத்தெட்டு வயசுல. அரிசி கழுவின தண்ணி எனக்குத் தெரியாம மேல வந்துடுது. அன்னிக்கு ஒரு நாள் கொடிகிட்ட கன்னடத்துல பேசிக்கிட்டிருந்தாரு ஜூலி.

— மாகடிப் பக்கத்து விதை, கன்னட ஊரு. அதுக்குத் தமிழ் புரியுமோ என்னமோன்னுதான்.

— அங்கிள், பூசணிய நகர்த்துங்க. இலைக்கு அடியில காய் இருக்கு.

— தொடாத. இத்துனூண்டு காய், ஒரு கைப்பிடி கூட வராது. அத எடுத்துக்கிட்டுப் போனா சிரிப்பாங்க. அதான் பூசணிய வெச்சு மறைச்சேன்.

— ஒண்ணே ஒண்ணு பறிச்சேன். தோலைத் தேய்ச்சா கையில எண்ணெய் மாதிரி ஒட்டுது. என்ன வாசனை. கடைக்காய்ல இது வர்றதே இல்லையே.

— அதுதான் சொகடு. கன்னடத்துல அந்த வாசனைக்கே அப்படி ஒரு பேரு. பனி எறங்கணும், மருந்து படக் கூடாது. மருந்து அடிச்சா போச்சு. அதனாலதான் புழுவ ஒண்ணொண்ணா கையால எடுத்தேன்.

— கல்யாணத்தன்னிக்கு என் காதுலேருந்து வைரத்தோட்டக் கழட்டும்போது கூட இவரு இவ்வளவு மெதுவா கழட்டல, ஜூலி.

— நாளைக்கு முதல் ஏலம் இதுதான் அங்கிள். நானே கூவறேன். தட்டுல வெச்சு முதல் பெஞ்சுலேருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் அனுப்பறேன். எல்லாரும் மோந்து பாக்கட்டும், அப்புறம் வெலை கேக்கறேன்.

— சிரிச்சாங்கன்னா?

— மோந்து பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க. நீங்க சிரிச்சீங்களா?

— இல்ல. ஒன் மினிட், அந்தப் பூசணி?

— ஏங்க, இன்னிக்கு சாம்பார் வெக்கறேன், நாளைக்குக் கூட்டு, திங்கக்கிழமை அல்வா. வாங்கினது நீங்க, தின்னு தீக்கறதும் நீங்கதான்.

— ஐ ஸே ஜூலியா, இன்னும் எவ்வளவோ காய்ச்சிருக்கும். இந்தத் தண்ணித் தொட்டி நெழல் மத்தியானத்துக்கு முன்னாடியே வந்து மூடிடுது. சர்ச்சு பின்னாடி அந்த எடத்துல வெயில் எப்படி?

— நாள் பூரா அடிக்கும். ஏரிக்காத்தும் வரும்.

— எனக்கு ஒரு பாத்தி குடுப்பியா? சின்னதா, ஓரமா இருந்தாக் கூடப் போதும்.

— குடுப்பேன் அங்கிள், ஆனா பெரியவங்க கை வெக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கே. எழுதினவரு கமிட்டி செகரட்டரி.

— ஏங்க, அப்ப கார எங்க நிறுத்துவீங்க?

— தெருவுல நிக்கட்டும் பிரிஜெட். ஜூலியா, நாளைக்கு கமிட்டியில முதல் தீர்மானம் என்னோடது: இனிமே யூத்துன்னா அறுபத்தெட்டு வயசு வரைக்கும்.