வெள்ளி போன மூலை

கர்க்கடக மாத மழையில் கொச்சி மட்டாஞ்சேரியில் அப்பளம் பொரித்தால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், சார். கை கழுவி வருவதற்குள் நமுத்துப்போகும். ஈரத்தைத் தடுப்பது லேசான காரியமில்லை. அதுதான் என் தொழில்.

களமசேரியில் ஒரு சிறிய ஆய்வகம். உடம்பில் ஒட்டிக்கொள்கிற, வளைகிற மின்சுற்றுகளின் மேல் போர்த்தும் மெல்லிய படலத்தை சுதீர் செய்வான், நான் சோதிப்பேன். கண்ணாடித் துண்டில் கால்சியம் பூசி, அதன்மேல் படலத்தை ஒட்டி, வெக்கையும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள் வைப்பேன். கால்சியம் வெள்ளியாக மின்னிக்கொண்டே இருந்தால் படலம் நல்லது. ஈரம் புகுந்த இடத்தில் வெள்ளி போய் வெறும் கண்ணாடி தெரியும். செய்தவர் தன் படலத்தைத் தானே சோதிக்கக் கூடாது. சோதித்தவர் சொன்னதை மறுபடி கேட்கவும் கூடாது. எங்கள் ஆய்வக வழக்கம் அது.

சுதீர் எங்கள் தெருக்காரன். என் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். வருஷக்கணக்காக இருவரும் சேர்ந்து பாடுபட்டுத் தேற்றிய படலத்துக்கு அவன் காப்புரிமை வாங்கியபோது அதில் என் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீ டெஸ்ட்தானே பண்ணினே, ஸுப்ரியா. உண்டாக்கினது நானாக்கும்."

சாயா குடித்துக்கொண்டே சொன்னான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் நேரில் பார்த்தேன். நெஞ்சு எரிந்தது. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

அவன் அப்பா வெங்கிடாசலம் மாமாவுக்கு இதயத் துடிப்பு திடீரென்று தடுமாறும். நெஞ்சில் ஒட்டும் பட்டை ஒன்றை சுதீர் செய்தான். துடிப்பு தவறினால் வீட்டார் போனில் மணி அடிக்கும். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. மணி அடித்தால் பிழைத்துக்கொள்வார். அந்தப் பட்டைக்கான படலத்தையும் அவன் என்னிடம்தான் கொண்டுவந்தான். வழக்கம் வழக்கம்தானே.

பெட்டியைத் திறந்தபோது ஒரு மூலையில் வெள்ளி போயிருந்தது. கடுகளவு. "நன்னா இருக்கு" என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை.

நான் செய்தது அவ்வளவுதான். பட்டையை ஒட்டும்போது மாமா சிரித்தார். "ஸுப்ரியா பாத்தாச்சோல்யோ? அப்பறம் நேக்கென்ன பயம்?"

மழை விடாத ஒரு மத்தியானம் மாமா சாய்வு நாற்காலியிலேயே போய்விட்டார். அடுத்த அறையில் சுதீர் போனும் கையுமாக இருந்தான். மணி அடிக்கவில்லை. பட்டைக்குள் ஈரம் இறங்கி மின்சுற்று செத்திருந்தது. தான் செய்த படலமே அப்பாவைக் கொன்றது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான்தான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

கடுகளவு இடம், ஒரு உயிரை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன், சார். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். என் அம்மாவுக்கும் அதே இதயக் கோளாறு உண்டு. மாமாவுக்கு ஒட்டிய அன்றே, அதே படலத்தில் அம்மாவுக்கும் ஒரு பட்டை செய்து சுதீர் என்னிடம் கொடுத்தனுப்பினான். அதை மட்டாஞ்சேரிப் படகிலிருந்து காயல் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன்.