அலமாரிக்குள் இழுத்த சுரம்

“கீச்சு கீச்சுன்னு கத்துது, அதுக்குப் பேரு சுரமா—”

“சீவாளி புதுசு, இன்னும் படியலடி—”

“போன வாரமும் இதத்தான் சொன்னீங்க! கீழ்வீட்டுக்காரி விளக்குமாத்துக் கட்டையால இடிக்கிறா, கேக்குதா?”

“நாளைக்கு வாசிச்சுக் காட்டணும். இந்தத் தடவையும் விட்டா, ஆயுசுக்கும் ஜவுளிக்கடையில துணி கிழிக்க வேண்டியதுதான்.”

“அப்ப அலமாரிக்குள்ள போய் ஊதுங்க!”

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சண்டை போட்டது என் சிநேகிதியின் கொழுந்தனாரும் அவர் மனைவியும். கிளாரினெட் வாசிப்பார். தெருவில் அவருக்குப் பெயர் பீப்பி. விரல் சுத்தம், நாதம்தான் தகரம். அவர் சேர ஆசைப்பட்ட வாத்தியக்குழுவின் தலைவர் ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருந்தார். “மூச்சு தொண்டையிலேயே நிக்குதய்யா. ஒரே சுரத்த மெல்ல எடுத்து, பெருக்கி, மறுபடி குறைச்சு விடும். நாதம் தானா வரும்.”

அவள் எரிச்சலில் சொன்னாலும் யோசனை மோசமில்லை. படுக்கையறைச் சுவரில் பதித்த ஆளுயர அலமாரி அது. வாடகை வீட்டோடு வந்தது. உள்ளே யாரோ விட்டுப்போன கனத்த கம்பளிக் கோட்டுகள். சத்தம் கீழ்வீட்டுக்கு இறங்காது. எதிரொலியும் இல்லை, குறையெல்லாம் அப்பட்டமாகக் கேட்கும். கதவு மட்டும் தானாக நிற்காது. வெளியே கொண்டி மாட்ட வேண்டும்.

“முடிச்சதும் தட்டுறேன். திற.”

பட்டப்பகல்... உள்ளே மை இருட்டு. பாச்சை உருண்டை நெடி. நாக்கில் ஊறிய நாணல் சீவாளியின் கசப்பு. குந்தியபடி ஊதினார். தகரம். மறுபடி ஊதினார். தகரம்தான். அப்புறம்... கோட்டுகளுக்கு நடுவிலிருந்து வந்தாற்போல ஒன்று. உருண்டு திரண்டு, வெண்ணெயாய் வழிகிற சுரம். காலமெல்லாம் ஏங்கிய நாதம்! மயிர்க்கூச்செறிந்தது.

மூச்சு முட்டியது. வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார்.

சுரம் நிற்கவில்லை.

சீவாளியைக் கழற்றி மடியில் போட்டார். சுரம் இன்னும் பெருத்தது. அது பெருகப் பெருக, இவர் நெஞ்சுக்கூடு ஒடுங்கியது. இழுத்த மூச்சு தங்கவில்லை... கன்னத்துக்கு அருகே, வேறெதன் வழியாகவோ வெதுவெதுப்பாக வெளியேறிக்கொண்டிருந்தது. கத்த வாய் திறந்தார். காற்றே இல்லை.

தட்டினார்.

“காலால தாளம் வேறயா!” வெளியே அவள் சிரித்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. “பிரமாதம்ங்க... நிறுத்தாதீங்க. நாளைக்கு இப்படியே ஊதுனா அந்த இடம் உங்களுக்குத்தான்.”

தடுமாறி எழுந்தார். இரண்டு கையாலும் கதவைக் குத்தினார். கோட்டுகள் தோளில் சரிந்து அழுத்தின. கொண்டி குலுங்கியது, கழலவில்லை. சுரமோ இம்மிகூடப் பிசகவில்லை.

காலடி நெருங்கியது. கொண்டியில் அவள் விரல் பட்ட ஓசை... ‘டிக்’. அவ்வளவுதான். விரல் அப்படியே நின்றது. பிறகு மெல்ல விலகியது. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, கிசுகிசுப்பாக அவள் குரல்.

“என்னங்க... உங்க ரெண்டு கையும் வாத்தியத்துல இருக்குமே... அப்ப உள்ளேருந்து கதவக் குத்துறது யாருங்க?”